கீழே விழுந்தால் வெடிக்கலாமா?

தீபாவளிக்குக் கேப் துப்பாக்கி வாங்கி விளையாடாதவர்கள் உங்களில் மிகச் சிலரே இருப்பீர்கள். சிவப்புத் தாள் சுருளில் வரிசையாகக் கரும்பொட்டுகள் இருக்கும். டிரிகரை இழுத்தால் ஒரு சிறு சுத்தி வந்து பொட்டின்மேல் விழும். 'டப்' என்று வெடிக்கும். துப்பாக்கி இரண்டே நாளில் உடைந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? சுருளைத் திண்ணையில் வைத்துக் கல்லால் தட்டுவீர்கள். அப்போதும் அது 'டப்' என்றுதான் வெடிக்கும்.

இந்த விளையாட்டில் ஓர் அறிவியல் உண்மை ஒளிந்திருக்கிறது. தன்னைத் தட்டியது டிரிகரால் வந்த அடியா, கல்லால் வந்த அடியா என்பது பொட்டுக்குத் தெரியாது. போதுமான அடி விழுந்தால் அது வெடிக்கும், அவ்வளவுதான்.

விளையாட்டுத் துப்பாக்கியில் இது வேடிக்கை. உண்மைத் துப்பாக்கியில்? இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1944-ஆம் ஆண்டில், அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றில் ஒரு ரிவால்வர் கைதவறி இரும்புத் தளத்தில் விழுந்தது. யாரும் டிரிகரைத் தொடவில்லை. ஆனால் துப்பாக்கி வெடித்தது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார்.

டிரிகரைத் தொடாமலே துப்பாக்கி எப்படி வெடிக்கும்? வெடிக்காமல் செய்ய வழி உண்டா? வழி உண்டென்றால், அந்த வழி இல்லாத துப்பாக்கிகள் ஏன் இலட்சக்கணக்கில் விற்பனையாயின? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை காண்போம்.

துப்பாக்கிக்குள் ஓர் எலிப்பொறி

முதலில் தோட்டாவைப் பார்ப்போம். பித்தளைக் குப்பி ஒன்று. அதன் வாயில் ஈயக் குண்டு. உள்ளே வெடிமருந்து. குப்பியின் அடிப்புறத்தில், நடுவில், பிரைமர் என்னும் சிறு வில்லை. இந்தப் பிரைமர் நம் கேப் பொட்டுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊசி வந்து இதை வேகமாகக் குத்தினால் தீப்பொறி பிறக்கும், வெடிமருந்து பற்றிக்கொள்ளும். ஒரு வினாடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் உள்ளே அழுத்தம் பொங்கி எழும். உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கருக்குள் சுமார் இரண்டு வளிமண்டல அழுத்தம்தான் இருக்கும். மிகச் சிறிய கைத்துப்பாக்கியின் தோட்டாவிலோ இது ஆயிரம் வளிமண்டலத்தையும் தாண்டும். அந்த அழுத்தமே குண்டைத் தள்ளுகிறது.

ஊசியை வேகமாகத் தள்ளுவது எது? இறுக்கி வைக்கப்பட்ட ஒரு சுருள்வில். அதைப் பாயவிடாமல் பிடித்து வைத்திருப்பது ஒரு சிறு கொக்கி. டிரிகரை இழுத்தால் கொக்கி விலகும், வில் விரியும், ஊசி பாயும்.

எலிப்பொறியை நினைத்துப் பாருங்கள். கம்பியை வளைத்து, ஒரு சிறு கொண்டியில் மாட்டி வைக்கிறோம். எலி கருவாட்டைத் தொட்டதும் கொண்டி நழுவுகிறது; கம்பி பாய்கிறது. கம்பியைப் பாய வைக்கும் ஆற்றல் எலி தந்ததல்ல. நாம் முன்பே வில்லில் சேமித்து வைத்தது. எலி செய்ததெல்லாம் கொண்டியைச் சிறிது அசைத்ததுதான். எலி இல்லாமலே பொறியை மேசையிலிருந்து தள்ளிவிட்டாலும் அது பாய்ந்துவிடும் அல்லவா? கைத்துப்பாக்கியின் நிலையும் இதுவே. கொக்கியின் பிடிப்பு மிகச் சிறியது. அது நழுவினால் போதும். மீதி வேலையை வில் பார்த்துக்கொள்ளும்.

நிலைமத்தின் விளையாட்டு

கொக்கி நழுவாவிட்டாலும் இன்னோர் ஆபத்து உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஒரு சோதனை செய்யுங்கள். கூர்மழுங்கிய பென்சில் ஒன்றை எடுத்து, அதன்மேல் தாளைச் சற்றுத் தளர்வாகச் சுற்றிக் குழலாக ஒட்டுங்கள். பென்சில் முழுவதும் குழலுக்குள் இருக்கட்டும். குழலை வலது கை விரல்களால் படுக்கையாகப் பிடித்துக்கொண்டு, கையை வேகமாக நகர்த்தி இடது உள்ளங்கையில் முட்டி நிறுத்துங்கள். குழல் நின்றுவிடும். பென்சில் நிற்காது, முன்னே வழுக்கி வெளியே தலை நீட்டும்.

பேருந்து திடீரென நிற்கும்போது நீங்கள் முன்னே சாய்கிறீர்களே, அதே நிலைமம்தான் இது. துப்பாக்கி குழல்வாய் கீழாக விழுந்தால், தரையில் மோதியதும் துப்பாக்கி நிற்கிறது. உள்ளே இருக்கும் ஊசி நிற்க மறுக்கிறது. அது பிரைமரை நோக்கிப் போகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மேசையைவிடச் சிறிது உயரத்திலிருந்து, ஒரு பொருள் விழுகிறது. தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 4.4 மீட்டர். சிமெண்டுத் தரையில் மோதி, 1 மில்லிமீட்டர் தூரத்துக்குள் அது நின்றுவிடுகிறது என்று கொள்வோம். அப்போது வேகக் குறைவு, புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 1,000 மடங்கு! ஊசியின் எடை 5 கிராம் என்றால், அதையும் அப்படி நிறுத்திப் பிடிக்க 5 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். 5 கிராம் ஊசி, அந்தக் கணத்தில் 5 கிலோ கல்லைப் போல் முன்னே தள்ளுகிறது. அதே கணத்தில் கொக்கியின் மேலும், டிரிகரின் மேலும் இத்தகைய விசைகள் செயல்படும். மேசை உயரம்தானே என்று இனி அலட்சியமாக நினைப்பீர்களா?

ஒரு பாலம் போதும்

இந்தச் சிக்கலை மனிதன் நெடுநாளாக அறிவான். 1873-ஆம் ஆண்டில் வந்த புகழ்பெற்ற கோல்ட் ரிவால்வரில் ஆறு தோட்டாக்கள் போட இடம் உண்டு. ஆனால் விவரம் அறிந்தவர்கள் ஐந்துதான் போடுவார்கள். சுத்தியின் நேர் கீழே உள்ள அறையைக் காலியாக விட்டுவிடுவார்கள். துப்பாக்கி விழுந்து சுத்தியில் அடிபட்டாலும், வெடிக்க அங்கே எதுவும் இருக்காது. ஆனால் இது மனிதனின் எச்சரிக்கை; கருவியின் பாதுகாப்பு அன்று. மறந்தவன் கதி?

1890-களில் அமெரிக்காவின் ஐவர் ஜான்சன் நிறுவனம் அழகான ஒரு வழியைக் கையாண்டது. சுத்திக்கும் ஊசிக்கும் இடையே இடைவெளி விட்டார்கள். சுத்தி எவ்வளவு பலமாக விழுந்தாலும் ஊசியைத் தொடாது. டிரிகரை முழுவதும் இழுத்தால் மட்டும் ஓர் எஃகுப் பட்டை மேலெழுந்து அந்த இடைவெளியில் பாலம்போல் நிற்கும். அப்போதுதான் அடி ஊசிக்குப் போய்ச் சேரும். டிரிகரை விட்டால் பாலம் இறங்கிவிடும். 'சுத்தியலால் சுத்தியை அடித்துப் பாருங்கள்' என்று அந்நிறுவனம் துணிந்து விளம்பரம் செய்தது.

இதன் சிறப்பு என்ன? ஆபத்தான நிலை, கேட்டால்தான் வருகிறது. கேட்காதவரை கருவி தானாகவே பாதுகாப்பான நிலையில் இருக்கிறது. பொறியாளர்கள் போற்றும் கொள்கை இது.

வழி தெரிந்திருந்தும் எல்லாரும் உடனே அதைப் பின்பற்றவில்லை. கப்பலில் மாலுமி இறந்த பிறகுதான் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் தன் ரிவால்வரின் தடுப்பை மாற்றி அமைத்தது. ரூகர் நிறுவனம் 1973-இல்தான் தன் பழைய பாணித் துப்பாக்கிகளில் பாலப் பட்டையைப் பொருத்தியது. முன்பு விற்ற துப்பாக்கிகளுக்கும் அதை இலவசமாகப் பொருத்தித் தர 1982-இல் முன்வந்தது. எனவே விலை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் விலையை எப்படியாவது குறைப்பதே ஒரே குறிக்கோள் ஆகும்போது என்ன நேரும் என்பதையும் அமெரிக்கா கண்டது.

நெருப்பு வளையம்

அந்நாட்டில் பொதுமக்கள் கைத்துப்பாக்கி வாங்குவது எளிது. 1968-இல் அங்கே துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. வெளிநாடுகளிலிருந்து மலிவான சிறு கைத்துப்பாக்கிகள் வந்து குவிவதை அது தடுத்தது. ஆனால் அதே தரத்தில் உள்நாட்டில் செய்வதை அது தடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான்!

அந்த ஜன்னல் வழியே முதலில் நுழைந்தவர் ஜார்ஜ் ஜென்னிங்ஸ். 1970-இல் கலிபோர்னியாவில் ரேவன் ஆர்ம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கைத்துப்பாக்கியைச் செய்யலானார். உறவினரும் நண்பர்களும் பின்தொடர்ந்தனர். ஜென்னிங்ஸ், பிரைகோ, டேவிஸ், லார்சின் என்று நிறுவனங்கள் முளைத்தன. இவை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சுற்றி அமைந்திருந்ததால், காரன் வின்டம்யூட் என்ற மருத்துவ ஆய்வாளர் 1994-இல் எழுதிய அறிக்கையில் இவற்றுக்கு 'நெருப்பு வளையம்' என்று பெயரிட்டார். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தயாரான கைத்துப்பாக்கிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வளையத்திலிருந்து வந்தது. பல, நூறு டாலருக்கும் குறைந்த விலைக்கு விற்றன.

எப்படி இவ்வளவு மலிவு? விடை உலோகத்தில் இருக்கிறது. நல்ல துப்பாக்கியின் உடல், எஃகுக் கட்டியைக் கடைந்து, துளைத்து, இழைத்துச் செய்யப்படுவது. நேரமும் கூலியும் மிகுதி. இவர்களோ 'சமாக்' என்ற உலோகக் கலவையைப் பயன்படுத்தினர். இதில் பெரும்பகுதி துத்தநாகம். சுமார் 4 விழுக்காடு அலுமினியம். சிறிதளவு மக்னீசியமும் செம்பும். இந்நான்கின் ஜெர்மன் பெயர்களின் முதல் எழுத்துகளே 'சமாக்' ஆயின. 1929-இல் உருவான இக்கலவை சுமார் 385 பாகை செல்சியஸில் உருகிவிடும். உருகிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தினால் சில வினாடிகளில் உறைந்து, உருப்படி முழு வடிவத்தோடு வெளியே வரும். இட்லி வார்ப்பதைப் போல ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கலாம்.

சமாக் கெட்ட உலோகம் அன்று. கதவுக் கைப்பிடி, கார்புரேட்டர், பொம்மைக் கார் எல்லாம் அதில் செய்கிறார்கள், நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் அதன் இழுவலிமை, பதப்படுத்திய நல்ல எஃகில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கடினத்தன்மையும் மிகக் குறைவு. இத்துப்பாக்கிகளில் குழலை எஃகால் செய்தாலும், உடலும் மேல்கூடும் சமாக்கே. ஒவ்வொரு முறை சுடும்போதும் மேல்கூடு பின்னால் பாய்ந்து மோதித் திரும்புகிறது. மோத மோத விளிம்புகள் மழுங்கும், துளைகள் தளரும், விரிசல் விழவும் கூடும். கொக்கியே எஃகால் ஆனதென்றாலும், அது ஊன்றி நிற்கும் இடம் தேய்ந்தால் பிடிப்பு என்ன ஆகும்? எலிப்பொறியின் கொண்டி தேய்ந்த கதைதான். மேலும், செலவைக் குறைப்பதற்காகச் சில மாதிரிகளில் ஊசியின் பாதையைத் தடுக்கும் உறுப்பே இல்லை.

உருக்கிப் பார்க்கும் சட்டம்

இதைக் கண்ட சில அமெரிக்க மாநிலங்கள் விந்தையான ஒரு சட்டம் இயற்றின. தென் கரோலினா, இல்லினாய்ஸ் மாநிலங்களில், துப்பாக்கியின் உடல் 800 பாகை பாரன்ஹீட்டுக்குக் கீழே உருகுமானால் அதை விற்கக் கூடாது. 800 பாகை பாரன்ஹீட் என்பது 427 பாகை செல்சியஸ். சமாக்கின் உருகுநிலையோ 385. ஆக, சமாக் என்ற பெயரையே எழுதாமல் சமாக்கை விலக்கிவிட்டார்கள்!

ஆனால் யோசித்துப் பாருங்கள். கைத்துப்பாக்கியை யாரும் அடுப்பில் வைப்பதில்லை. உருகுநிலை என்பது உறுதியின் நேரடி அளவுகோல் அன்று. நமக்குத் தெரிய வேண்டியது 'விழுந்தால் வெடிக்குமா?' என்பது. அப்படியானால் போட்டுப் பார்த்துவிடுவதுதானே நேரான வழி?

கலிபோர்னியா மாநிலம் 1999-இல் இயற்றி, 2001 முதல் நடைமுறைப்படுத்திய சட்டம் அதையே செய்தது. வெடிமருந்தும் குண்டும் இல்லாமல், பிரைமர் மட்டும் உள்ள குப்பியைத் துப்பாக்கியில் இடுவார்கள். ஒரு மீட்டருக்குச் சற்றே மேலான உயரத்திலிருந்து கான்கிரீட் பலகைமேல் விழவிடுவார்கள். குழல் கீழாக, பிடி கீழாக, பக்கவாட்டில் என ஆறு விதமாக விழவிட்டுப் பார்ப்பார்கள். ஒரு முறை பிரைமர் வெடித்தாலும் தோல்விதான். அதோடு 600 தோட்டாக்களைச் சுட்டு, கோளாறுகளை எண்ணி, விரிசல் கண்டதா என்றும் பார்ப்பார்கள். நாம் முன்பு போட்ட 1 மீட்டர் கணக்கு நினைவிருக்கிறதல்லவா? அதே உயரம்!

பூட்டைத் திறந்தால்தான் காலி செய்யலாம்

விழுவது மட்டும் ஆபத்தன்று. பாதுகாப்புக்கென்று வைத்த பூட்டே ஆபத்தாவதும் உண்டு.

தானியங்கிக் கைத்துப்பாக்கியைக் காலி செய்ய இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். முதலில் தோட்டாக்கள் அடங்கிய மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகு மேல்கூட்டைப் பின்னால் இழுத்து, குழலின் பின்புற அறையில் தங்கியிருக்கும் ஒரு தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும். மேகசினைக் கழற்றியதும் துப்பாக்கி காலி என்று நினைத்து உயிரிழந்தவர்கள் பலர். அந்த ஒரு தோட்டா வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

பிரைகோ நிறுவனத்தின் ஒரு மாதிரியில் பாதுகாப்புப் பூட்டைப் போட்டால் மேல்கூடு நகராது. காலி செய்ய வேண்டுமானால் பூட்டை நீக்கி, 'சுடு' என்ற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதாவது, ஆபத்தை நீக்க முதலில் ஆபத்தை அழைக்க வேண்டும்! பாலப் பட்டையின் கொள்கைக்கு இது நேர் எதிர்.

1994-இல் கலிபோர்னியாவில் ஒரு வீட்டில் இத்துப்பாக்கியை ஓர் இளைஞர் காலி செய்ய முயன்றார். பூட்டை நீக்கினார். துப்பாக்கி வெடித்தது. எதிரே இருந்த 7 வயதுச் சிறுவனின் முகவாயில் குண்டு பாய்ந்தது. சிறுவன் பிழைத்தான். ஆனால் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்துவிட்டது.

வழக்கு நடந்தது. அத்துப்பாக்கியில் தோட்டாக்கள் சிக்கிக்கொள்ளும் குறை இருந்ததாகவும், அதைச் சரிசெய்வதற்குப் பதிலாகப் பூட்டின் அமைப்பை இப்படி மாற்றிவிட்டார்கள் என்றும் சிறுவன் தரப்பில் வாதிட்டனர். 2003-இல் ஜூரிகள் தீர்ப்பளித்தனர். பழி முழுவதையும் அவர்கள் ஒரே இடத்தில் சுமத்தவில்லை. கவனக்குறைவாக இருந்த பெரியவர்களுக்கும் அதில் பங்கு உண்டென்றார்கள். ஆனால் தயாரித்தவர்களும் விற்றவர்களும் ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் டாலர் தரவேண்டும் என்றார்கள். பிரைகோ திவாலாயிற்று. 2004-இல் நிறுவனம் ஏலத்துக்கு வந்தபோது, இளைஞனாகிவிட்ட அதே சிறுவன் நன்கொடை திரட்டி ஏலம் கேட்டான். எதற்குத் தெரியுமா? மீதமிருந்த துப்பாக்கிகளையும் உறுப்புகளையும் வாங்கி உருக்கிவிட! 5 இலட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு வேறொருவர் எடுத்துவிட்டார். ஏலம் எடுத்தவர் அத்தொழிற்சாலையின் முன்னாள் மேற்பார்வையாளர். வேறு பெயரில் தொழில் தொடர்ந்தது.

பொம்மைக்கு உண்டு, துப்பாக்கிக்கு இல்லை

1972-இல் அமெரிக்கா நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி அமைந்த ஆணையம் குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்கலாம். குறையிருந்தால் திரும்பப் பெறச் செய்யலாம். ஆனால் துப்பாக்கிகள் அதன் அதிகார எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டன. விளையாட்டுத் துப்பாக்கியைக் கேள்வி கேட்கலாம். உண்மைத் துப்பாக்கியைக் கேட்க முடியாது!

கேள்வி கேட்டிருந்தால் பயன் இருந்திருக்குமா? 1991-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. தற்செயலாகத் துப்பாக்கி வெடித்து நேர்ந்த சாவுகளை அது ஆராய்ந்தது. சிறு குழந்தைகளால் இயக்க முடியாத பூட்டு இருந்திருந்தால் 8 விழுக்காடு சாவுகளைத் தவிர்த்திருக்கலாம். அறையில் தோட்டா இருப்பதைக் காட்டும் அடையாளம் இருந்திருந்தால் இன்னும் 23 விழுக்காட்டைத் தவிர்த்திருக்கலாம். ஆக 31 விழுக்காடு. ஏறத்தாழ மூன்றில் ஒரு சாவு, ஒரு சிறு உறுப்பு இல்லாததால் நேர்ந்தது.

குக்கர் கற்பிக்கும் பாடம்

கடைசியாக உங்கள் வீட்டுச் சமையலறைக்கு வாருங்கள். பிரஷர் குக்கரின் மூடியில் பாதுகாப்பு வால்வு ஒன்று இருக்கும். குக்கரில் நீர் வற்றி, சூடு எல்லை மீறினால், அதிலுள்ள உலோகம் உருகி நீராவிக்கு வழிவிடும். அதுவும் எளிதில் உருகும் உலோகக் கலவைதான்! அங்கே அந்தப் பண்பு உயிரைக் காக்கிறது. உலோகத்தில் நல்லது, கெட்டது என்று இல்லை. எந்த வேலைக்கு எதை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குக்கரைச் செய்தவர், 'அம்மா அடுப்பை அணைக்க மறந்துவிடக்கூடும்' என்று முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கிறார். மனிதன் மறப்பான், கை நழுவும், குழந்தை எடுத்துவிடும். இவற்றை எதிர்பார்த்துச் செய்யப்படுவதே நல்ல கருவி. இவற்றை மறந்து குறைக்கப்பட்ட விலையின் மீதிப் பணத்தை யாரோ ஒருவர் பிறகு கட்ட நேர்கிறது. மேலே கண்ட கதையில் அதைக் கட்டியவன் 7 வயதுச் சிறுவன்.

உங்களில் சிலர் நாளை பொறியாளர்கள் ஆவீர்கள். மின்விசிறியோ, லிப்டோ, மருந்து ஊற்றும் குப்பியோ, எதை வடிவமைத்தாலும் ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: 'இது கைதவறிக் கீழே விழுந்தால் என்ன ஆகும்?'

இன்னும் ஒரு சொல். எங்கேனும் ஒரு துப்பாக்கி கிடப்பதைக் கண்டால், அது காலிதானா என்று எடுத்துப் பார்க்க வேண்டாம். தொடாமல் விலகி, பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். காலி என்று நினைத்த துப்பாக்கியின் கதையை இப்போது நீங்கள் அறிவீர்கள்.